ஒட்டுக்கன்றும் வேர்ச்செடியும்

காவிரி பாயும் தஞ்சை நாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் நெல்லைப் பற்றியே எழுதி முடித்துவிடுகின்றனர். அதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரிசிலாறும் பிரிந்து பிரிந்து ஓடும் இந்நாட்டில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் வயலே. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின், ஜூன் மாதம் 12ஆம் நாளை எதிர்நோக்கி நாற்றங்காலைத் திருத்துவது எம்மூர் உழவர்க்கு ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. இவ்வளவு நெல்லுக்கிடையே பழமரத்திற்கு எஞ்சிய இடம் எது? வீட்டுக் கொல்லை, ஆற்றுப் படுகை, வயலினின்று இரண்டு முழம் உயர்ந்து நிற்கும் திடல், இவ்வளவே. ஆயினும் இச்சிறு இடங்களில் எம் முன்னோர் செய்துவந்த ஒரு தொழில் உண்டு. அதனைப் பற்றி நம் மாணவர் பலர் சிறிதும் அறியார். ஒரு மரத்தின் கிளையை மற்றொரு மரத்தின் வேரோடு பொருத்தி வாழவைக்கும் ஒட்டுக்கட்டும் தொழிலே அது.

இதனை எழுதுவதற்குத் தூண்டுகோலாயிருந்தவர் நம் விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர். அவர் கொடைக்கானல் மலையைச் சேர்ந்தவர். கோடை விடுமுறை முடிந்து வருகையில் ஒரு கூடை பீச்சுப் பழம் கொண்டுவந்து ஆசிரியர் சிலர்க்கு அளித்தார். மயிர் படர்ந்த தோலும், சிவப்போடிய மஞ்சட் சதையும், உள்ளே கல்லைப் போன்ற வரிவரியான கொட்டையுமுடைய அப்பழத்தைத் தின்று முடித்த நண்பர் ஒருவர், கொட்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, இதனை எம் கொல்லையில் ஊன்றுவேன் என்றார். மாணவர் நகைத்தார். பீச்சு மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் மரம். பெரும்பாலான வகைகளுக்கு, ஏறக்குறைய ஏழு பாகை சென்டிகிரேடுக்குக் கீழ்ப்பட்ட குளிர் பல நூறு மணி நேரம் கிடைத்தாலன்றி அதன் மொட்டு விழித்தெழாது. குறைந்த குளிரே போதுமென்னும் வகைகளும் உள்ளன. எனினும் அவற்றிற்கும் சிறிது குளிர் வேண்டும். மார்கழி விடியலிற்கூட ஒரு போர்வையோடு அடங்கிவிடும் தஞ்சைக் குளிர் அம்மரத்திற்கு எம்மாத்திரம்?

அத்துடன் அம்மாணவர் நில்லாமல், கொட்டையினின்று முளைத்த பீச்சுச் செடி தாய்மரத்தைப் போலவே பழம் தரும் என்பதற்கு உறுதியில்லை என்றும், தம் தந்தையார் காட்டுப் பீச்சுக் கன்றை வளர்த்து அதன்மேல் நல்ல வகையின் மொட்டையோ குச்சியையோ வைத்துக் கட்டுவார் என்றும், மேனாடுகளில் மண்ணுக்குத் தக்கபடி வேர்ச்செடியை மாற்றுவரென்றும் விவரித்தார். வேரைக் குடையும் நுண்புழுக்கள் மிகுந்த மணற்பாங்கான நிலமாயின் அவற்றை எதிர்க்கும் பீச்சு வகையும், நீர் வடியாத கனத்த நிலமாயின் பிளம் இனத்து வேரும் தேர்வர் என்பது உண்மையே. பிறகு அவர் கேட்ட கேள்வி எம்மைச் சிந்திக்க வைத்தது. "ஐயா, எங்கள் மண்ணுக்கு இன்ன வேர் என்று எங்கள் வீட்டிற் சொல்லுவார்கள். உங்கள் களிமண்ணில் எதற்கு எந்த வேர்?" என்றார் அவர்.

நெல்லைத் தவிர வேறறியாத நாட்டினர் என்று எம்மை அவர் எண்ணிவிடக் கூடாதே என்னும் ரோஷம் ஒருபுறமிருக்க, அக்கேள்விக்கு விடை எம் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது.

மாவிலிருந்து தொடங்குவோம். ஒரு நல்ல மாம்பழத்தைத் தின்று அதன் கொட்டையை ஊன்றுபவன் அதே பழத்தை எதிர்பார்த்தல் பேதைமை. நீலம், பெங்களூரா முதலிய நம் பக்கத்து மாவகைகளின் கொட்டையில் ஒரே கரு உண்டு. அக்கரு தாய்க்கும், எவ்விடத்திருந்தோ ஈயும் காற்றும் கொணர்ந்த மகரந்தத்திற்கும் பிறந்த பிள்ளை. ஆகவே ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதிய மரம். நூற்றுக்கு ஒன்று தாயினும் சிறந்திருக்கலாம். எஞ்சியவை புளிப்பும் நாருமாகவே முடியும். மேலைக் கடற்கரையிலோ வேறு விதம். மலையாளக் கரையின் ஓளூர், சந்திரக்காரன், குறுக்கன் போன்ற மாவகைகளின் கொட்டையை ஊன்றினால் ஒன்றிலிருந்தே மூன்று நான்கு முளைகள் கிளம்பக் காணலாம். அவற்றுட் பெரும்பாலானவை தாயின் சதையினின்றே தோன்றியவை. தாயின் அச்சே அவை. இவ்வேறுபாடு தாவர நூலார்க்கு ஒரு வேடிக்கையாயிருக்கலாம். ஒட்டுக்கட்டுவோர்க்கோ இதுவே அடிப்படை. ஏனெனில் நூறு ஒட்டுக்கன்றுகளும் ஒரே சீராய் வளர வேண்டுமாயின் மேலே வைக்கும் குச்சி மட்டும் ஒரே மரத்தினதாயிருந்தாற் போதாது. கீழேயுள்ள வேரும் ஒரே குணமுடையதாயிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தாரும் நம்மவரும் அறிந்த வெள்ளைக் கொழும்பான் இத்தகைய பல்கரு மாவே. அதனை வேர்ச்செடியாக வைத்தால் மேல்மரம் ஓரளவு குட்டையாக நிற்குமென்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இஸ்ரவேல் நாட்டாரோ உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தம் நிலத்திற்கென்றே ஒரு மா வேரைத் தெரிந்தெடுத்து, அதற்குப் பெயர்கூட இடாமல் 13-1 என்னும் எண்ணால் அழைக்கின்றனர்.

எம்மூர்க் கொல்லைகளில் இவ்வளவு ஆராய்ச்சி நடைபெற்றதில்லை. ஆனியிலும் ஆடியிலும் தின்றெறிந்த கொட்டைகள் குப்பைமேட்டில் முளைக்கும். மழை கண்டபின் அவற்றுள் நேராக நிமிர்ந்ததைப் பெயர்த்து மண்சட்டியில் வைப்பர். மறு ஆண்டு அது ஒட்டுக்கு ஆகும். மாங்கொட்டையை எடுத்துவைத்து ஆறுமாதம் கழித்து ஊன்றலாமென்று எண்ணுதல் வீண். பழத்தினின்று வெளிவந்த சில வாரங்களுக்குள் அதன் உயிர் போய்விடும். ஆகவே குப்பைமேடே எம் பாட்டன்மாரின் நாற்றங்கால்.

அக்காலத்தில் அவர்கள் பெரிதும் கையாண்டது நெருக்கு ஒட்டு. சட்டியிலுள்ள கன்றைத் தாய்மரத்தடிக்குக் கொண்டுபோய், தாழ்ந்த கிளையொன்றுக்கு எட்டும்படி பரண் கட்டி வைப்பர். கன்றின் தண்டிலும் கிளையிலும் நான்கு விரற்கடை நீளம் பட்டையையும் சிறிது கட்டையையும் மெல்லச் சீவி, வெட்டுவாய் இரண்டையும் பச்சையோடு பச்சை பொருந்த வைத்து, வாழைநாரால் இறுகச் சுற்றி, களிமண்ணும் சாணமும் குழைத்து மேலே அப்பிவிடுவர். ஏறக்குறைய மூன்று திங்களில் இரண்டும் ஒன்றாகிவிடும். பின்பு ஒட்டுக்குக் கீழே கிளையையும், ஒட்டுக்கு மேலே கன்றின் தலையையும் ஒரேயடியாக வெட்டாமல், முதலிற் பாதியளவு, சில நாட் சென்று முழுதும் என்று அறுப்பர். இம்முறையிற் சிறப்பு யாதெனில், ஒட்டுப் பிடிக்கும்வரை இருவருக்கும் அவரவர் வேருண்டு. ஆதலின் தோல்வி குறைவு. குறையோ, மரத்தைச் சுற்றிப் பரணும் சட்டியும் தண்ணீர்க் குடமுமாய் ஒரு திருவிழாவே நடத்தல் வேண்டும். இப்பொழுது குச்சியை வெட்டியெடுத்துப் பக்கவாட்டிற் செருகிக் கட்டும் முறையும், இளந்தண்டில் ஆப்புப்போல் இறக்கிக் கட்டும் முறையும் பரவிவிட்டன. வாழைநார் இருந்த இடத்தில் மெல்லிய பாலிதீன் நாடா வந்துவிட்டது. சந்தையில் ‘பாதிரி’ என்றொரு மாம்பழம் விற்குமே, தன் பெயரிலேயே ஒரு பாதிரியாரைச் சுமந்துகொண்டு. அதுவும் இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்ததேயன்றிக் கொட்டையால் வந்ததன்று.

மாவினும் சுவையான கதை சப்போட்டாவின் கதை. அதன் தாயகம் மெக்சிகோ நாட்டின் தென்பகுதியும் அதனையடுத்த நடு அமெரிக்க நாடுகளும். அங்கே அதன் பாலைக் காய்ச்சி மெல்லும் பிசின் செய்தனர். உலகெங்கும் சிறுவர் வாயில் அதக்கிய மிட்டாய்ப் பிசின் முதலில் அம்மரத்துப் பாலே. நம் நாட்டிற்கு அது வந்து சேர்ந்தபொழுது, தமிழர் அதனைப் பார்த்தவுடன் ‘சீமையிலுப்பை’ என்று பெயரிட்டனர். எவ்வளவு கூர்மையான பார்வை! கிள்ளினாற் பால், உள்ளே பளபளவென்று கறுத்த விதை, கிளைநுனியிற் கொத்துக்கொத்தாய் இலை. இலுப்பையும், மகிழும், பாலையும், சப்போட்டாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது தாவர நூலார் துணிபு. தமிழ்ப் பாமரர் நூலின் துணையின்றியே அவ்வுறவைக் கண்டு பெயரில் வைத்துவிட்டனர்.

ஆயினும் பெயர் ஒருவாறு ஏமாற்றவும் செய்தது. சீமையிலுப்பை ஆயிற்றே, இலுப்பைக் கன்றின்மேல் ஒட்டினால் நன்றாய் வாழும் என்று கருதியோர் உளர். இலுப்பைமேல் ஒட்டுப் பிடிக்கும்; ஆனால் மரம் செழிப்பதில்லை. மகிழ மரத்தின்மேலும் முயன்று பார்த்தனர், அதுவும் சிறக்கவில்லை. சப்போட்டா விதையையே முளைக்கவைத்து அதன்மேல் ஒட்டினாலோ வளர்ச்சி மந்தமும் ஒழுங்கின்மையும் காணப்பட்டன. அனைத்தினும் மேலானதாய் நின்றது பாலை.

பாலை என்றவுடன் நம் மாணவர்க்கு மணல்வெளி நினைவிற்கு வரும். ஐந்திணையுள் ஒன்றற்குப் பெயரளித்த மரம் எந்தப் பாலை என்பதில் அறிஞர் ஒருமித்தாரல்லர். வெட்பாலை என்பார் சிலர், இப்பாலையென்பார் சிலர். அவ்வழக்கில் யாம் புகவில்லை. யாம் கூறுவது உலக்கைப் பாலை என்றும் வழங்கும் மரத்தையே. அதன் கட்டை இரும்பை ஒத்தது. இலை சிறிது, தடித்துக் கரும்பச்சையாய், நுனியிற் சற்றே பிளவுபட்டு நிற்கும். கோடையில் வேப்பம்பழத்தையொத்த மஞ்சள் நிறப் பழங்கள் கொத்தாகப் பழுக்கும். இனிப்பென்றால் அவ்வளவு இனிப்பு. ஆனால் நாலு பழம் தின்றபின் உதடும் உதடும் ஒட்டிக்கொள்ளும். ஈழத்து வன்னிநாட்டார் பாலைப்பழக் காலத்தைத் திருநாள் போலக் கொண்டாடுவர். நம் பக்கத்தில் இம்மரம் காடாகவே நிற்குமிடம் கோடியக்கரை. தஞ்சைச் சமவெளி கடலுள் மூக்கை நீட்டும் அம்முனையில், ஒருபுறம் உப்பளமும் மறுபுறம் அலையும் சூழ, உவர்க்காற்றை உண்டு வாழும் பசுமை மாறாத அக்காட்டின் தலைமை மரம் பாலையே. 1967 முதல் அது சரணாலயம்; வெளிமான் மேயும் அவ்விடத்தில் அனுமதியின்றி ஒரு விதையும் பொறுக்கலாகாது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறை என்னும் ஊரும் பாலையின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாயக்கர் காலத்து மாபெரும் நெற்களஞ்சியம் நிற்பதும் அவ்வூரிலேதான் என்பதை நெல்லன்பர் கவனிப்பாராக.

டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768இல் மருத்துவராக வந்த கேனிக் என்பவர் லின்னேயஸ் என்னும் பெரும் தாவரநூலாரின் மாணாக்கர். இச்சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை மேனாட்டு முறையில் ஆராய்ந்தோருள் முன்னவர். அவ்வழியில் வந்த ராக்ஸ்பரோ 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலத் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலில் இப்பாலையை மகிழின் இனத்திற் சேர்த்து வருணித்தார். சப்போட்டாவோ நெடுங்காலம் வேறோர் இனமாகவே எண்ணப்பட்டிருந்தது. ஏட்டை மட்டும் நம்பியவன் மகிழையும் பாலையையும் ஒன்றென்றும், சப்போட்டா இரண்டிற்கும் சமமான தூரம் என்றும் கருதியிருப்பான். பிற்காலத்தில் தாவர நூலார் பாலையையும் சப்போட்டாவையும் ‘மணில்காரா’ என்னும் ஒரே இனத்துட் சேர்த்தனர். மகிழ் தனியே நின்றுவிட்டது. இதனைக் கத்தியும் வாழைநாரும் பிடித்த கைகள் தம் போக்கிற் கண்டுகொண்டன என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு மகிழ்ச்சி. இன்ன வேரை இன்ன கிளை ஏற்கும், இன்னதை ஏலாது என்பதனைச் செடியே சொல்லிவிடுகின்றது. கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

அப்பொறுமைக்கே இங்குப் பெருஞ்சோதனை. பாலை மிக மெதுவாக வளரும். விதை ஊன்றி ஒட்டுக்குரிய பருமன், அதாவது ஓர் எழுதுகோலின் பருமன் அடைவதற்கு இரண்டாண்டு செல்லும். அதன்பின் ஒட்டு ஒன்றாவதற்குச் சில திங்கள். ஆகவே, இன்று விதைத்து நாளை விற்க விரும்புவோர் குறுக்கு வழி தேடுவதில் வியப்பில்லை. பல்லாண்டுகளுக்கு முன் பெயர்பெற்றதொரு நாற்றுப் பண்ணையில் எம் தந்தையார் ஆறு சப்போட்டாக் கன்றுகள் வாங்கினார். பாலைமேற் கட்டியவை என்று உறுதி கூறியே விலை பெற்றனர். நான்காம் ஆண்டிலும் அவை இடுப்பளவே நின்றன. ஒருநாள் ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு துளிர் வெளிப்பட்டது. இலை அகன்று நீண்டு, நுனி கூர்த்து, இலுப்பை இலையாய் விரிந்தது. பாலையாயிருப்பின் நுனி பிளந்த சிற்றிலையாயன்றோ இருக்கும்! அதுமுதல் எம் வீட்டில் ஒட்டுக்கன்று வாங்குவோர்க்கு ஒரு விதி உண்டு: மேலுள்ள இலையைப் பார்த்து மயங்காதே, அடியில் ஒரு துளிராவது கண்டபின் விலை பேசு. கன்று விற்போர் இவ்விதியை விரும்புவதில்லை.

இவ்வாறு வேரின் அருமையைப் பற்றி எம் தந்தையார் ஓயாது பேசுவார். பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைத் தின்னும் ஒரு சிறு பூச்சியால் அழிந்துகொண்டிருந்தபொழுது, அப்பூச்சி வந்த அமெரிக்க நாட்டின் காட்டுத் திராட்சை வேரின்மேலேயே பிரெஞ்சுக் கொடிகளை ஒட்டி மீட்டனர் என்னும் செய்தியை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. யாம் அதனைக் கேட்டுக் கேட்டு அலுத்ததுமுண்டு. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலோ அலுப்பெல்லாம் போய்விட்டது.

எம்மூர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரணியத்திற்கும் இடைப்பட்டதொரு சிற்றூர். எம் கொல்லையின் கீழ்க்கோடியில், திடலின்மேல், ஒரு மாமரம் நின்றது. எம் பாட்டியார் மணமாகி வந்த ஆண்டில், பிறந்தகத்திற் தின்ற பழத்தின் கொட்டையைச் சேலை முடிப்பிற் கொண்டுவந்து ஊன்றியது என்பர். அதற்குப் பெயரில்லை. வீட்டில் ‘பாட்டி மா’ என்போம். மற்ற மரங்களெல்லாம் காய்த்து ஓய்ந்தபின், ஆடி மாதத்தில் அது பழுக்கும். பழம் சிறிது, தோல் கனத்தது, நார் இல்லை, காம்பருகே அறுத்தாற் கற்பூர மணம் வீசும். கொட்டையாற் பிறந்ததாதலின் அதுபோன்ற மற்றொரு மரம் உலகில் இல்லை. அதன் கொட்டைகளை ஊன்றிப் பார்த்தோம். இரண்டு மரங்கள் காய்த்தன. ஒன்று வெறும் புளிப்பு, மற்றொன்று தண்ணீர்.

நவம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் கஜாப் புயல் வேதாரணியத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விசையோடு வீசிய அக்காற்றை அனுபவித்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை. அனுபவியாதோர்க்கு விளக்க இயலாது. 1952ஆம் ஆண்டுப் புயலையும் 1977ஆம் ஆண்டுப் புயலையும் கண்ட முதியோர்கூட இவ்வளவு மரம் விழக் கண்டதில்லை என்றனர். விடிந்தபொழுது தென்னைகள் ஒரே திசையிற் படுத்துக் கிடந்தன. வேதாரணியத்து மாந்தோப்புகள் தலைகீழாய் நின்றன. கோடியக்கரைக் காடும் தப்பவில்லை. எம் பாட்டி மாவும் வேரோடு சாய்ந்து, வேலியை நசுக்கிக்கொண்டு வாய்க்காலின் குறுக்கே விழுந்திருந்தது.

மின்சாரமில்லை, வீட்டோடு பறந்தது போக எஞ்சிய ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தனர் பலர். கூரையிழந்தவர் நிறைந்த ஊரில் ஒரு மாமரத்திற்காகத் துயருறுதல் தகுமோ என்று எம் தாயார் கேட்டது நியாயமே. எம் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், பாதை திறந்தவுடன், பக்கத்து ஊரிலிருந்து ஒட்டுக்கட்டும் முதியவர் ஒருவரை அழைத்துவந்தார். அவர் தம் தோப்பே விழுந்து கிடக்க வந்தார் என்பதை இங்குக் குறித்தல் வேண்டும்.

முதியவர் கிளையைப் பார்க்கவில்லை. நேரே வேர்ப்பக்கம் சென்றார். தென்புறத்து வேர்கள் அறுந்து வானத்தை நோக்கி நின்றன. வடபுறத்து வேர் இரண்டு இன்னும் மண்ணுள் இருந்தன. அவ்விடத்தில் ஈரமண்ணை வாரிப் போடச் சொன்னார். "உயிர் இருக்குது தம்பி. பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும். இன்னைக்கே கம்பு அறுத்தா வீண்" என்றார். அவர் விளக்கியது இது: ஒட்டுக்குச்சியின் மொட்டு வீங்கியிருத்தல் வேண்டும். அதற்கு, தேர்ந்த குச்சியில் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி கிள்ளிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் மரத்திலேயே விட்டுவைத்தல் வேண்டும். காம்பு தானே உதிர்ந்து, நுனிமொட்டுப் பருத்துத் தோன்றும்பொழுது அறுத்தால் ஒட்டுப் பிடிக்கும். விழுந்த மரமோ, ஒவ்வொரு நாளும் வற்றிக்கொண்டிருக்கின்றது. மொட்டு முந்துமா, சாவு முந்துமா என்பதே கேள்வி.

இருபதுக்கு மேற்பட்ட குச்சிகளில் இலை கிள்ளினார். அடுத்த கேள்வி வேர்ச்செடி. நாற்றுப் பண்ணைகள் எல்லாம் நீரில் மூழ்கிக் கிடந்தன. காசு கொடுத்தாலும் கன்று இல்லை. எம் தந்தையார் எம்மைக் குப்பைமேட்டிற்கு அனுப்பினார். அவ்வாடியில் தின்றெறிந்த கொட்டைகளினின்று எழுந்த கன்றுகள் அங்கே இருந்தன. முருங்கை ஒன்று அவற்றின்மேல் விழுந்திருந்ததால் காற்று அவற்றைத் தொடவில்லை. நான்கு திங்கள் வயது. தண்டு சற்று மெலிவு. பதினொன்றைப் பெயர்த்தோம். கிணற்றருகே தானாக முளைத்த இரண்டாண்டுக் கன்றொன்றும் நின்றது. அவை அனைத்தும் ஒவ்வொரு குணமுடையவை என்பதையும், வேர் எத்தகையது என்று எவராலும் சொல்ல முடியாதென்பதையும் முதியவர் அறிவார். "நல்ல நாளா இருந்தா நான் இதைத் தொடமாட்டேன். இப்ப உள்ளதுதான் நல்லது" என்றார்.

ஒன்பதாம் நாள் காலையில் மொட்டுகள் பருத்திருந்தன. தாய்மரத்தின் இலைகளோ ஓரம் சுருளத் தொடங்கியிருந்தன. தூறல் விழுந்துகொண்டிருந்தமையால் மாட்டுக்கொட்டகையில் சாக்கு விரித்து உட்கார்ந்து வேலை செய்தார். கன்றின் தண்டிற் பக்கவாட்டாய் இரண்டு அங்குலம் கீழ்நோக்கிச் சீவி, அடியில் ஒரு நாக்கு விட்டு, குச்சியின் அடியை ஒருபுறம் நீளமாகவும் மறுபுறம் குறுக்காகவும் செதுக்கி அதனுட் பொருத்தினார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள பச்சைப் படலம் ஒரு பக்கத்திலாவது நேர்க்குநேர் பொருந்தல் வேண்டும். அதுவே ஒட்டின் உயிர்நிலை. கன்று மெல்லியதாயும் குச்சி பருத்ததாயும் இருந்தமையால் இரண்டு பக்கமும் பொருத்த இயலவில்லை. ஒவ்வொன்றையும் கட்டி முடிக்கையில் மூச்சை அடக்கிக்கொள்வார். கிணற்றடிக் கன்றின்மேல் இரண்டு குச்சிகள், சட்டிக் கன்றுகளில் பதினொன்று, ஆகப் பதின்மூன்று.

தைமாதத்தில் எண்ணிப் பார்க்கையில் ஐந்து துளிர்த்திருந்தன. ஏனையவற்றிற் குச்சி கறுத்து உலர்ந்துபோயிற்று. சித்திரை வெயிலில் மேலும் இரண்டு போயின. தாய்மரம் அதற்கு நெடுநாள் முன்னரே விறகாகி அடுக்கப்பட்டிருந்தது. எஞ்சியவை மூன்று: கிணற்றடியில் ஒன்று, சட்டியில் இரண்டு. சட்டிக் கன்றுகளைத் திடலின்மேல் மேடு கட்டி, ஒட்டுவாய் நிலமட்டத்திற்கு ஒரு சாண் மேலிருக்குமாறு நட்டோம். கார்த்திகைத் தண்ணீர் தேங்கும் எம் களிமண்ணில் வேர் மூச்சுவிடுவதற்கு மேடின்றி வழியில்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியின் துளிர் தலைகாட்டும்போதெல்லாம் கிள்ளியெறிதல் எம் தாயாரின் பொறுப்பாயிற்று; ஒரு மாமரத்திற்காகத் துயருறுதல் தகுமோ என்று கேட்டவர் அவரே.

ஒரே தாயின் குச்சி மூன்று வேரின்மேல் நின்று மூன்று விதமாய் வளர்ந்ததைக் கண்கூடாகக் கண்டோம். கிணற்றடி மரம் உயரவில்லை. குடைபோல் விரிந்து, 2022இல் முதற்பூ எடுத்தது. திடலில் ஒன்று வாட்டசாட்டமாய் வளர்ந்து மறு ஆண்டு காய்த்தது. மூன்றாவது இன்னும் பூக்கவில்லை. அதன் இலையோரம் கோடையிற் கருகுகின்றது. நிலத்தடி நீரில் உப்பேறியிருத்தல் காரணமாகலாம் என்று எம் தந்தையார் கருதுகின்றார். மற்றவை இரண்டும் அதே நீரைக் குடித்துக் கருகாமல் நிற்பதால், அது வேரின் குறையே என்பது எம் துணிபு. இவ்விஷயத்தில் வீட்டில் வழக்கு ஓயவில்லை.

பழம் அதே பழமா என்று நண்பர் கேட்பர். ஆடியிற் பழுத்தது, நாரில்லை, காம்பருகே அதே மணம். எம் தந்தையார் முதற்பழத்தை அறுத்து வாயிலிட்டு நெடுநேரம் பேசாதிருந்து, அதுவேதான் என்றார். தாயார், தோல் சற்று மெலிந்திருக்கின்றது என்றார். வேர் மாறினால் பழத்தின் பருமனிலும் தோலிலும் சிறிது வேறுபாடு தோன்றுதல் கூடும். சுவையின் சாயல் மாறாதென்பது பொதுவிதி. இளமரத்தின் பழத்தை முதுமரத்தின் பழத்தோடு ஒப்பிடுதலும் நேரியதன்று. இன்னும் பத்தாண்டு சென்று சொல்லுவோம் என்று இருவர்க்கும் யாம் மறுமொழி கூறினோம். முதியவர் ஒருமுறை வந்து, கிணற்றடி மரத்தின் ஒட்டுவாயைத் தடவிப் பார்த்தார். தழும்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. தம் தோப்பிற்கென்று நான்கு குச்சிகள் கேட்டு வாங்கிச் சென்றார். இப்பொழுது பாட்டி மா இரண்டு ஊர்களில் நிற்கின்றது.

சப்போட்டாக் கணக்கு இன்னும் தீரவில்லை. சென்ற ஆண்டு கோடையில் புதுக்கோட்டைப் பக்கத்து உறவினர் ஒருவர் தம் நிலத்திலுள்ள பாலை மரத்தடியிற் பொறுக்கிய பழங்களை ஒரு பனையோலைப் பெட்டி நிறைய அனுப்பினார். பழத்தைச் சிறுவர் தின்று உதடு ஒட்டிக்கொண்டு திண்டாட, விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, மணலும் எருவும் கலந்த நாற்பது சட்டிகளில் ஊன்றினோம். முளைத்தவை பதினேழு. ஓராண்டாகியும் ஒரு சாணுக்குச் சற்று மேலாகவே நிற்கின்றன. இலைநுனியிற் பிளவு மட்டும் தெளிவாய்த் தெரிகின்றது. வேப்பமரத்து நிழலில் வரிசையாய் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வார்த்து வருகின்றோம். எழுதுகோற் பருமன் ஆவதற்கு அடுத்த மழைக்காலமும் கழியவேண்டும்.